எமரால்டில் வத்தம்

பகல் டூட்டி இரண்டு மணிக்கு முடிந்தது.
டெட்டால் வாசனை போகக் கை கழுவி,
ராகிக் களியில் வெல்லம் பிசைந்து
டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு
அணைக்கரைக்கு இறங்கினேன். ஐப்பசி இருபத்தாறு.
நான்காவது வாரம் இது.
இதுவரை பிடித்தவை: ஒரு செருப்பு,
ஒரு கேரட் சாக்கு,
சளி.

மணப்பாட்டில் கடல் வாயாடி.
அலை முறிகிற இடத்தில் திட்டு,
முறியாமல் கறுத்து உள்ளே போகிற இடத்தில் மடு,
மடுவின் உதட்டில் மீன்.
கேட்கக்கூட வேண்டாம், அதுவே சொல்லிவிடும்.
இந்தத் தண்ணீரோ
போலீஸ் விசாரணைக்கு வந்த ஆள் மாதிரி
யூக்கலிப்டஸைத் தலைகீழாகக் காட்டிவிட்டு
உட்கார்ந்திருக்கிறது.

இன்று இரை இல்லாமல் வெறும் ஈயத்தை எறிந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில் தரை.
பத்தடி நகர்ந்து மறுபடி.
நான்கு. நான்கு. ஐந்து.
தங்கூசியை ஆள்காட்டி விரலில் ஏற்றி
நாடி பார்ப்பதுபோல இழுத்தேன்.
எதிர்க்கரையில் கேரட் கழுவுமிடத்தில்
புஷ்பகாந்தி ஒரு மூட்டை தைத்து முடிக்க
எனக்கு ஒரு முழம்.
சேறு வழுக்கியது.
சரளை பல்லைக் கடித்தது.
ஏதோ வேர் பிடித்தது, யோசித்தது, விட்டது.
மறுபடி சேறு.
பிறகு
படி முடிந்துவிட்டதென்று நினைத்து வைத்த கால்போல
ஈயம் திடுக்கென்று கீழே போனது.

அணை எழும்புமுன் இங்கே ஓடிய ஓடையின் கரை.

அங்கே களியை வைத்தேன்.
மழை வந்து போனது.
மூடுபனி வந்தது, போகவில்லை.
ஒரு நீர்க்காகம் முங்கி
வெறும் வாயோடு எழுந்ததைப் பார்க்க
கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குளிரில் மீனுக்கு அவசரம் கிடையாது.
என் வெள்ளிக்கிழமைப் பிரஷர்காரர்களைப்போலச்
சுவரோரமாய் அசையாமல் கிடக்கும்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழும்.
இங்கே கூப்பிடுவது யார்?

ஐந்தே முக்காலுக்குக் காலடிக் குச்சியைப் பார்த்தேன்.
ஈரக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே
தண்ணீர்.
இத்தனை நேரம் தொய்ந்து கிடந்த தங்கூசி
இடப்பக்கம் சாய்ந்து மெல்ல விறைத்தது.
இந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.
வத்தம்.

ஏழாயிரம் அடி உயரத்தில் ஏது வத்தம்?
நிலாவே இன்னும் வரவில்லை.

அப்புறம்தான் போஜன் ஞாபகம் வந்தான்.
ஆணி குத்தி டி.டி. போட வந்தவன்,
ஊசியைப் பார்க்காமலிருக்கப் பேசிக்கொண்டே இருந்தான்:
“சாயங்காலமானா கீழேயிருந்து போன் வரும் சிஸ்டர்.
திறந்து விட்டுடுவோம்.”
கீழே, ஈரோட்டில், திருப்பூரில்
விளக்குப் போடுகிறார்கள்.
யாரோ ஒருத்தி கிரைண்டர் சுவிட்சைத் தட்ட
இந்த ஏரி சுரங்கத்துக்குள் மூச்சை இழுக்கிறது;
அடியில் பழைய ஓடை
கொஞ்ச நேரம் ஓடையாகிறது;
அதன் உதட்டில் கெண்டைகள் எழுந்து
எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்புகின்றன.

விரலில் ஒரு தட்டு.
கடல் மீன் பறிக்கும். இது
இந்த நேரத்தில் தட்டலாமா என்று தயங்கித் தட்டியது.
நான் அசையவில்லை.
இன்னொரு தட்டு.
மூன்றாவதற்குப் பதில் தங்கூசி
நடக்கத் தொடங்கியது.

இரண்டு கிலோ இருக்கும். கண்ணாடிக் கெண்டை.
முதுகில் மட்டும் ஒரு வரிசைச் செதில்,
பித்தான் தைத்த கையோடு
தையல்காரன் எழுந்து போய்விட்டது மாதிரி.
“எவ்ளோ பெருசு?” என்று
பனிக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பகாந்தி.
கைகளை விரித்துக் காட்டினேன்,
அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்
கொஞ்சம் கூடவே.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டேன்.
கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து
இருந்த ஒரு வரிசைச் செதிலைச் சுரண்டினேன்.